முட்டுச்சந்தும் திறந்த வழியும்: ‘இஸ்லாமிய நகரம்’ பற்றிய ஆய்வுகள் மீது ஒரு விமர்சனப் பார்வை

‘இஸ்லாமிய நகரம்’ என்ற தொடர் நம் முன்னோர் எவரும் ஆண்ட தொடர் அன்று. தபரீ கூஃபாவைப் பற்றியும், யஃகூபீ ஸாமர்ராவைப் பற்றியும், மக்ரீஸீ காஹிராவைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். எந்தக் கோத்திரம் எங்கே குடியேறியது, எந்தத் தெரு எந்த வாயிலுக்குச் சென்றது என்பனவெல்லாம் அவர்கள் ஏடுகளில் உண்டு. எல்லா முஸ்லிம் நகரங்களுக்கும் பொதுவான வடிவம் ஒன்று உண்டு, அதை வார்த்தது மார்க்கமே என்ற கருத்து மட்டும் அங்கே இல்லை. அக்கருத்து 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வட ஆப்பிரிக்காவைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், அவர்தம் அறிஞர்களிடம் உருவானது. வில்லியம் மார்ஸே 1928இல் எழுதிய கட்டுரை அதற்கு வித்திட்டது. அவருடைய தம்பி ஜார்ஜ் மார்ஸே அதை வளர்த்தார். 1947இல் ப்ருன்ஷ்விக் அதற்கு ஃபிக்ஹு நூல்களிலிருந்து சான்று தேடினார். 1955இல் வான் க்ருனபாம் அதை முழு ஓவியமாக்கினார்: நடுவில் ஜும்ஆப் பள்ளி, சுற்றிலும் கடைவீதி, அருகே குளிப்பகம், அதற்கப்பால் வளைந்து நெளிந்து முட்டி நிற்கும் சந்துகள்.

இந்த ஓவியத்திற்குள் ஒரு தீர்ப்பும் மறைந்திருந்தது. கிரேக்கரிடமும் ரோமரிடமும் பொதுவெளி என்ற உணர்வு இருந்தது, ஆகவே அவர்கள் நேர்வீதி அமைத்தனர். முஸ்லிமுக்கு அவன் வீடும் பள்ளியும் போதும், ஆகவே வீடுகள் கட்டியபின் எஞ்சிய இடுக்கே தெருவாயிற்று என்பதே அத்தீர்ப்பு.

இதற்கு வலுவான மறுப்பை 1987இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேனட் அபூ லுகுத் எழுதினார். இந்த ஆய்வாளர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்ட தொடரை அவர் ‘இஸ்னாத்’ என்றே குறிப்பிட்டார். ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இந்தச் சொல்லாட்சி இனிக்கும். அறிவிப்பாளர் பலராயினும் வேர் ஒன்றே. மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு முதவாத்திர் போலத் தோன்றும் இச்செய்தி உண்மையில் கபருல் ஆஹாத். மக்ரிபின் சில நகரங்களில் கண்டதை மொராக்கோ முதல் பாரசீகம் வரை விரித்துவிட்டனர் என்பதே அவர் வாதத்தின் சாரம். அது சரியான வாதம்.

ஆயினும் நாம் இங்கே விமர்சிக்க விரும்புவது கீழைத்தேயவியலாளரை அல்ல. அவர்களைப் பற்றிப் போதுமான அளவு எழுதியாயிற்று. அவர்களுக்கு மறுமொழியாக நம்மவர் எழுதியவற்றில் உள்ள ஒரு குறையே நம் பொருள். அக்குறை இன்று வீட்டு மனை வணிகரின் கையில் ஆயுதமாகியிருக்கிறது என்பதால் அதைப் பேசாதிருக்க முடியவில்லை.

பஸீம் ஹகீமின் அரபு–இஸ்லாமிய நகரங்கள் பற்றிய நூல் 1986இல் வெளிவந்தது. மறுமொழி நூல்களுள் தலையாயது அதுவே எனலாம். தூனிஸ் நகரின் பழைய மதீனாவைத் தெருத்தெருவாக ஆராய்ந்து, அங்கே வாழ்ந்து ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டில் மறைந்த கட்டடக் கலைஞர் இப்னுர் ராமீயின் ‘அல்-இஃலான் பி அஹ்காமில் புன்யான்’ என்னும் நூலை அதனுடன் பொருத்திக் காட்டினார் ஹகீம். இப்னுர் ராமீ காழிக்குத் துணையாக வழக்கு நடந்த இடங்களுக்குச் சென்று சுவரையும் சாளரத்தையும் சாக்கடையையும் பார்த்துக் கருத்துச் சொன்னவர். ஏட்டறிவு மட்டும் கொண்டவரல்லர். அப்படிப்பட்டவரை ஆங்கில வாசகர்க்கு அறிமுகம் செய்ததற்காகவே ஹகீமுக்கு நாம் கடன்பட்டுள்ளோம். சந்துகளின் கோணல் ஒழுங்கின்மையன்று, அதற்குப் பின்னால் அண்டை வீட்டாரின் உரிமை பற்றிய நுண்ணிய சட்டம் இருக்கிறது என்பதை அவர் ஐயத்திற்கிடமின்றி நிறுவினார். 1988இல் ஜமீல் அக்பர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். முட்டுச்சந்து என்பது அதில் குடியிருப்போரின் கூட்டுச் சொத்து, அதைப் பேணும் பொறுப்பும் அவர்களுடையதே. நகராட்சி அந்தப் பொறுப்பைப் பறித்துக்கொண்டபோதுதான் தெரு எவருக்கும் சொந்தமில்லாத இடமாயிற்று என்றார். அவருடைய அரபு நூலான ‘இமாரத்துல் அர்ளு ஃபில் இஸ்லாம்’ நம் கல்லூரிகளில் படிக்கப்பட வேண்டிய நூல்.

நமது மாறுபாடு இங்கே தொடங்குகிறது. ஹகீமின் நூலில் காலம் இல்லை. நூற்றாண்டுகள் பலவற்றில் அடுக்கடுக்காக வளர்ந்து முடிந்த ஒரு நகரின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு, அதில் காணப்படும் வடிவத்தையே ‘கோட்பாடு’ என்று பெயரிடுகிறார். தெருக்கள் அப்படித்தான் தொடங்கினவா, அப்படி ஆயினவா என்ற கேள்வி எழுவதில்லை. இதனால் அவரறியாமலே மார்ஸேயுடன் ஒரு புள்ளியில் உடன்பட்டுவிடுகிறார். முட்டுச்சந்து இஸ்லாத்தின் விளைவு என்று மார்ஸே இகழ்ந்ததை ஹகீமின் வாசகர் அதே அடிப்படையில் புகழ்கின்றனர். அடிப்படையை எவரும் சோதிக்கவில்லை.

சோதித்தால் என்ன கிடைக்கும்? ஹிஜ்ரி 17இல் கூஃபா அமைக்கப்பட்டபோது பெருவழிகள் 40 முழமும், அடுத்தவை 30 முழமும், அவற்றிற்கிடையிலானவை 20 முழமும், சந்துகள் 7 முழமும் இருக்க வேண்டும், அதற்குக் குறையக்கூடாது என்று உமர் (ரலி) அவர்களின் ஆணை வந்ததாகத் தபரீயில் காண்கிறோம். அறிவிப்பாளர் ஸைஃப் இப்னு உமர் ஹதீஸ் அறிஞர்களிடம் பலவீனமானவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நிலத்தைக் கோத்திரங்கள் தாமே கோடிட்டு எடுத்துக்கொண்டன, மேலிருந்து வகுத்த திட்டம் என்று அதைக் கொள்ளலாகாது என ஜமீல் அக்பரும் வாதிடுகிறார். இருக்கட்டும். முழக்கணக்கு ஐயத்திற்குரியதாயினும், தொடக்கக்கால முஸ்லிம்கள் தம் நகருக்குத் திறந்த பெருவழியைத்தான் இலக்கணமாக நினைத்தனர் என்பதற்கு அந்த அறிவிப்பே சான்று. கி.பி. 836இல் எழுந்த ஸாமர்ராவில் நெடுந்தொலைவுக்கு நேராகச் சென்ற வீதிகளை யஃகூபீ ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வருணிக்கிறார். அவற்றின் தடம் மண்ணில் இன்றும் உண்டு.

மறுபுறம், ஷாமின் பழைய ரோம வீதிகள் குறுகியது அரபுகள் வந்ததாலன்று. அகன்ற தூண்வரிசை வீதிகளுக்குள் கடைகள் நுழையத் தொடங்கியது இஸ்லாத்திற்கு முந்திய காலத்திலேயே என்பதை 1985இல் ஹியூ கென்னடி காட்டினார். அதற்குப் பத்தாண்டு முன்னர் ரிச்சர்ட் புல்லியட் வேறொரு காரணத்தைச் சொல்லியிருந்தார். அந்நாடுகளில் ஒட்டகம் வண்டியைவிட மலிவான ஊர்தியாகிவிட்டது, சக்கரம் வழக்கொழிந்தது, சக்கரம் போனபின் அகன்ற நேர்வீதி தேவைப்படவில்லை. இதுவும் பெரும்பகுதி இஸ்லாத்திற்கு முன்பே நிகழ்ந்தது. பாரம் சுமந்த ஒட்டகம் திரும்பத்தக்க எந்தச் சந்தும் போதுமானதாயிற்று.

அப்படியானால் திறந்த நகரம் எவ்வாறு மூடியது? கோத்திரத்திற்குக் கொடுக்கப்பட்ட கித்தா எனும் பெருமனையின் நடுவே தொழுவத்திற்கும் கூடாரத்திற்கும் விடப்பட்ட வெற்றிடம் இருந்தது. மக்கள் பெருகியதும் அது நிரம்பியது. நிரம்பியபின் உள்ளே இருப்பவர் வெளியேற ஒரு வழி எஞ்சியது, அதுவே முட்டுச்சந்து. ஒரு தந்தையின் வீட்டை வாரிசுகள் பங்கிட்டபோது ஒவ்வொருவருக்கும் தனி வாசல் தேவைப்பட்டது. முற்றத்தின் ஓரம் நடைபாதையாக மாறியது. வீட்டின் முன்னுள்ள ‘ஃபினா’ எனும் இடத்தில் முதலில் திண்ணை வந்தது, பிறகு திண்ணைக்குச் சுவர் வந்தது. எதிரெதிர் வீடுகள் ஒருவர்க்கே சொந்தமானபோது தெருவின் மேலே ‘ஸாபாத்’ எழுந்தது. இவை யாவும் சிறுசிறு செயல்கள். எந்த ஒரு நாளிலும் எவரும் நகரை மூட முடிவெடுக்கவில்லை.

ஆந்த்ரே ரேமோன் செய்த ஓர் ஆய்வு இவ்விடத்தில் மிகவும் பயன்படுகிறது. காஹிரா, ஹலப், திமஷ்க், அல்ஜியர்ஸ், ஃபாஸ் ஆகிய நகரங்களில் மொத்தத் தெரு நீளத்தில் பாதியை நெருங்கும் பங்கு முட்டுச்சந்துகளே என்று அவர் கணக்கிட்டார். இதை மட்டும் மேற்கோள் காட்டுவோர் அவருடைய அடுத்த கூற்றை விட்டுவிடுகின்றனர். நகரின் நடுவே, கடைவீதியும் பெரும் பள்ளியும் உள்ள பகுதியில், தெருக்கள் ஓரளவு நேராகவும் ஒன்றோடொன்று இணைந்தும் இருந்தன. முட்டுச்சந்துகள் குடியிருப்புப் பகுதிக்கே உரியனவாக இருந்தன. ஆக, ஒரே நகரில் இரு அமைப்புகள். ஒன்று அனைவருக்கும் உரியது, மற்றது அண்டை வீட்டாருக்கு உரியது. முன்னது உயிரோடிருந்ததால்தான் பின்னது தாங்கிக்கொள்ளத்தக்கதாயிற்று.

இதைக் கண்டறிய ரேமோன் வரை போக வேண்டியதுமில்லை. நாம் மாணவர்க்கு நடத்தும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜில்’ சுல்ஹு எனும் சமரச உடன்பாட்டுப் பாடத்திலேயே இது இருக்கிறது. அங்கே தெரு இருவகை: நாஃபித் எனும் ஊடுருவிச் செல்லும் திறந்த வழி, கைர் நாஃபித் எனும் முட்டுச்சந்து. சட்டம் முதலில் பேசுவது திறந்த வழியைப் பற்றி. அதில் நடப்போர்க்கு இடையூறான எதையும் எவரும் செய்யலாகாது. மாடத்தை நீட்டினால் அதன்கீழ் ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரம் வேண்டும். ஒட்டகக் கூட்டம் செல்லும் வழியாயின் அம்பாரியோடு ஒட்டகம் கடக்கும் உயரம் வேண்டும். திண்ணை கட்டுவதும் மரம் நடுவதும் கூடாது. இடையூறில்லையேல் ஆகும் என்ற கருத்தும் உண்டு, ஆனால் அது ஏற்றம் பெற்ற கருத்தன்று. முட்டுச்சந்து அதில் வாசல் உடையவரின் கூட்டுச் சொத்து. சுவர் மட்டும் உடையவருக்கு அதில் பங்கில்லை. வாசல் உடையவருக்கும் சந்தின் தலைப்பிலிருந்து தம் வாசல் வரையே பங்கு. ஆகவே உள்ளே தள்ளி இன்னொரு வாசல் திறக்க விரும்பினால் மற்றவர் தடுக்கலாம். தலைப்பை நோக்கி முன்னால் திறந்து பழையதை அடைத்துவிட்டால் தடுக்க இயலாது. இவ்வளவு நுட்பமாகச் சந்தினைப் பங்கிட்ட சட்டம், திறந்த வழியை எவருக்கும் பங்கிட்டுக் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஹனஃபீ மத்ஹபில் இதன் கூர்மை இன்னும் மிகுதி. திறந்த வழியில் ஒருவர் கழிப்பிடமோ நீர்த்தூம்போ கடையோ அமைத்தால், அதை அகற்றக் கோரும் உரிமை பொதுமக்களில் எந்த ஒருவருக்கும் உண்டு என்று ‘ஹிதாயா’ கூறுகிறது. வழக்காடுபவர் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டுமென்பதில்லை. முஸ்லிம்களிடம் பொதுவெளி உணர்வே இல்லை என்று எழுதியவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போலும்.

இவ்வளவும் சொன்னபின், நம் ஃபிக்ஹு மரபின் ஓர் இயலாமையையும் சொல்லியாக வேண்டும். மறுமொழி எழுதியோர் இதைத் தொடவே இல்லை. சட்டத்தின் அளவுகோல் ‘ளரர்’, அதாவது இடையூறு. ஆனால் அந்த இடையூறு ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியே அளக்கப்பட்டது. அகன்ற தெருவில் ஒருவர் ஒரு முழம் எடுத்துக்கொண்டு, நடப்போர்க்கும் தடையில்லையெனில், அதை இடிக்க வேண்டுமா விட்டுவிடலாமா என்பதில் மாலிகீ அறிஞரிடையே இரு கருத்துகள் இருந்தன. விட்டுவிடலாம் என்போரின் வாதம் அந்த ஒரு முழத்தைப் பொறுத்தவரை சரியே. நூறாவது ஆள் நூறாவது முழத்தை எடுக்கும்போதும் அவரவர் முழத்தைப் பொறுத்தவரை அதே வாதம் சரியாகிவிடும். வழக்கு வந்தால் காழி தீர்ப்பளிப்பார். வழக்கு வராத இழப்பு ஏட்டில் ஏறாது. நூறாண்டு கழித்து அத்தெருவில் நடக்கப்போகிறவர் வந்து முறையிட இயலாது. முஹ்தஸிபின் கண்காணிப்பு இந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது. முழுதும் அடைக்கவில்லை என்பதற்கு நகரங்களே சாட்சி.

சேர்ந்து பெருகும் இழப்பை அளக்கும் கருவி நம் காலத்தில்தான் கிடைத்திருக்கிறது. பேரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்னும் இரு ஆய்வாளர்கள் 2015இல் அமெரிக்காவின் தெருக்களையும், 2020இல் உலகின் தெருக்களையும் அளந்து இரு கட்டுரைகள் வெளியிட்டனர். அளவை எளிது. நான்கு வழிகள் கூடும் சந்திக்கு மதிப்பு 4. மூன்று கூடினால் 3. முட்டுச்சந்தின் முனைக்கு 1. இத்துடன் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எவ்வளவு சுற்றிப்போக வேண்டியுள்ளது என்பதையும் சேர்த்து, தெருக்கள் எந்த அளவு அறுந்து கிடக்கின்றன என்பதற்கு ஒரு குறியெண் அமைத்தனர். தன்னார்வலர் வரைந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தையும் செயற்கைக்கோள் படங்களையும் கொண்டு எந்தப் பகுதி எப்போது நகரமானது என்று பிரித்தறிந்தனர்.

மக்கள்தொகை மிகுந்த 134 நாடுகளில் 90 விழுக்காட்டில், 1975 முதல் புதிதாக எழுந்த பகுதிகளின் தெரு இணைப்பு குறைந்திருக்கிறது. 2000க்குப் பின் நிலை சீரடைந்துவரும் நாடுகள் 29 விழுக்காடு மட்டுமே. சுவர் சூழ்ந்த வளாகங்களுக்குரிய, சுற்றி வளைத்துச் செல்லும் தெரு வகையின் பங்கு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அமெரிக்காவில் இப்போக்கு 1994 வாக்கில் உச்சம் கண்டு இறங்கத் தொடங்கிவிட்டது. முட்டுச்சந்தைப் புறநகரின் அடையாளமாக்கி உலகுக்கு ஏற்றுமதி செய்த நாடு அதைக் கைவிடத் தொடங்கியபோது மற்றவை எடுத்துக்கொண்டன. நமக்கு முக்கியமான முடிவு வேறு: முதலில் இணைப்புக் குறைவாக அமைந்த நகரங்களும் நாடுகளும் பின்னரும் அவ்வாறே வளர்கின்றன. வீடு இடிந்து மீண்டும் எழும்; தெரு அப்படி மாறுவதில்லை.

இந்த ஆய்விலும் நமக்குக் குறையொன்று தென்படுகிறது. குறியெண்ணுக்கு முட்டுச்சந்து என்றால் முட்டுச்சந்துதான். வாரிசுகள் பங்கிட்டதால் தூனிஸில் உண்டான பத்து வாசல் சந்தும், நிறுவனம் ஒன்று ஒரே நாளில் கோடிட்டு விற்ற வளாகத் தெருவும் அதற்கு ஒரே மதிப்புடையவை. முன்னதிலிருந்து சில எட்டுகளில் கடைவீதி. பின்னதிலிருந்து கடைக்குப் போக வாகனம் வேண்டும். 1929இல் நியூஜெர்ஸி மாநிலத்தில் எழுந்த ராட்பர்ன் குடியிருப்பில்கூட வாகனத்திற்குத்தான் முட்டு. நடப்போர்க்கு வீடுகளின் பின்னே தொடர்ந்த பாதை இருந்தது. அதைப் பார்த்துச் செய்தோர் முட்டை எடுத்துக்கொண்டு பாதையை விட்டுவிட்டனர். சந்து யாரால், எதற்காக மூடப்பட்டது என்பதை எண் சொல்லாது. அதற்கு ஃபிக்ஹு போன்றதொரு துறைதான் வேண்டும்.

நேர்வீதியும் தன்னளவில் மருந்தல்ல. ரியாத் அதற்குச் சான்று. 1950களில் அரசு ஊழியர்க்கென எழுந்த மலஸ் பகுதி கட்டம் கட்டமாக அமைந்தது. 1968இல் பணியமர்த்தப்பட்ட கிரேக்க நகரமைப்பாளர் டாக்ஸியாடிஸ் நகர் முழுவதற்கும் 2 கிலோமீட்டர் சதுரக் கட்டங்களை வரைந்தார். நாற்புறமும் இடம்விட்டு வீடு கட்ட வேண்டுமென்ற விதியால் ஒருவர் வீட்டு மாடியிலிருந்து மற்றவர் முற்றம் தெரிந்தது. மக்கள் சுற்றுச்சுவரின் மேல் தகரத்தை உயர்த்தினர். இதை ஸாலிஹ் அல்-ஹத்லூல் 1981இல் தம் ஆய்வேட்டில் நன்கு எடுத்துக்காட்டினார். பார்வைக்கு மறைப்பு வேண்டுமெனில் அதைச் சாளரத்திலும் சுவரிலும் பெறலாம், தெருவை அடைத்துப் பெற வேண்டியதில்லை என்பதே அவர் சான்றுகளிலிருந்து நாம் பெறும் முடிவு. இப்னுர் ராமீயின் வழக்குகளிலும் பெரும்பாலானவை சுவரையும் சாளரத்தையும் வாசலையும் பற்றியவையே.

ஆனால் இன்று காஹிராவின் கிழக்கிலும் மேற்கிலும் பாலைநிலத்தில் எழும் ‘கம்பவுண்ட்’ எனும் கேட்டட் கம்யூனிட்டிகளைப் புகழ்வோர், பழைய ஹாராவின் மறுபிறப்பு இது, நம் மரபின் தனிமை பேணும் பண்பு இது என்கின்றனர். ஹகீமின் காலமற்ற கோட்பாடு இவர்களுக்கு வசதியாக அமைந்துவிட்டது. இவர்களிடம் ஒரு நல்ல வாதமும் உண்டு: பழைய காஹிராவின் ஹாராக்களுக்கும் வாயிற்கதவு இருந்ததே! இருந்தது உண்மை. 1798இல் நெப்போலியனின் படை அவற்றைப் பெயர்த்தெடுத்ததை ஜபர்த்தீ பதிவு செய்துள்ளார். அவை இரவில் அடைத்துப் பகலில் திறந்த கதவுகள். உள்ளிருப்போரின் செல்வநிலை கேட்டு அடைத்த கதவுகளல்ல.

இக்கேள்விக்கு நம் நூல்களில் விடையும் இருக்கிறது. முட்டுச்சந்தின் உரிமையாளர் அனைவரும் உடன்பட்டால் அதன் தலைப்பை அடைத்துக்கொள்ளலாமா? பெரும்பான்மையோர் ஆகும் என்றதை நவவீயின் ‘ரவ்ளா’ எடுத்துரைக்கிறது. ஒருவர் மறுத்தாலும் ஆகாது. அபுல் ஹஸன் அல்-அப்பாதீ மட்டும், அனைவரும் உடன்பட்டாலும் தடுக்கப்படலாம் என்றார். பெருவழியில் நெரிசல் ஏற்படும்போது வழிப்போக்கர் அந்தச் சந்துக்குள்தான் ஒதுங்குகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். சந்துக்குள் பள்ளிவாசல் இருந்தாலோ பேச்சே மாறிவிடுகிறது. பள்ளிக்குச் செல்லும் உரிமை முஸ்லிம்கள் அனைவருக்கும் உண்டாதலால், குடியிருப்போர் அனைவரும் ஒப்பினாலும் அடைக்க முடியாது என்கின்றன ஷாஃபிஈ நூல்கள். வளாகத்தை விற்போர் தம் விளம்பரத்தில் உள்ளேயே பள்ளிவாசல் உண்டு என்பதைச் சிறப்பாகக் குறிப்பிடுகின்றனர். வாயிலில் காவலாளை நிறுத்தியிருப்பதையும் அதே விளம்பரத்தில் குறிப்பிடுகின்றனர்.